கஞ்சித் தொட்டியும் தனிக் கதவும்

வடசென்னையில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்கள். “கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?” என்று உங்களையே திருப்பிக் கேட்பார். ஆட்டோக்காரர், பூ விற்கும் அம்மா, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடும் ஆயா என்று பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது கஞ்சித் தொட்டிதான். ஸ்டான்லி என்பது 1929 முதல் 1934 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவரின் பெயர். கஞ்சித் தொட்டி என்ற பெயரோ அவர் பிறப்பதற்கு முன்பே இங்கே இருந்தது.

ஒரு மருத்துவமனைக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? அதற்கு விடை மருத்துவமனையின் பக்கத்திலேயே, பழைய ஜெயில் ரோட்டுப் பகுதியில் இருக்கிறது. அதுதான் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலத்தில் ‘மோனேகர் சௌல்ட்ரி’ என்பார்கள். மணியக்காரர், அதாவது ஊர்த் தலைவர், வெள்ளைக்காரர் நாக்கில் மோனேகர் ஆனார். சாவடி, சௌல்ட்ரி ஆயிற்று. 1782-ல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். இன்று முதியோர் இல்லம். இந்த ஊரிலேயே மிகப் பழைய தர்ம ஸ்தாபனங்களில் ஒன்று.

மயிலாப்பூருக்கும் மாமல்லபுரத்துக்கும் கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. வடசென்னை என்றால் துறைமுகம், கன்டெய்னர் லாரி, புகைபோக்கி என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால், ‘ஆதரவில்லாத மனிதருக்கு எப்படிப்பட்ட வீடு கட்டித் தரவேண்டும்?’ என்ற கேள்வியை இந்த ஊர் முதலில் கேட்டுக்கொண்ட இடம் இதுதான்.

எண்ணூரிலிருந்து ராயபுரம்

எனக்குச் சொந்த ஊர் முகத்துவாரக்குப்பம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில், எண்ணூரின் ஓரத்தில் இருக்கும் மீனவர் ஊர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எண்ணூர் ஸ்டேஷன் வந்து, கடற்கரை போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று வரிசையாகத் தாண்டி ராயபுரத்தில் இறங்கலாம்.

ராயபுரம் ஸ்டேஷனை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. உயரமான தூண்களோடு இன்னும் நிற்கிறது. ரயில் வருவதற்கு எழுபத்து நான்கு வருடங்களுக்கு முன்பே இந்தப் பக்கம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு, ஸ்டான்லி போகும் ஆட்டோவில் ஏறுங்கள்.

பழைய ஜெயில் ரோடு என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. இப்போது பாரதி மகளிர் கல்லூரி இருக்கும் இடத்தில்தான் அந்தச் சிறை இருந்தது. அந்த ரோட்டோரமாகவே பழைய நகர மதிலின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. அதன் மேல் பூங்கா அமைத்து ‘மாடிப் பூங்கா’ என்று பெயர் வைத்தார்கள். 1769-ல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து போன பயத்தில், கருப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி எழுப்பிய மதில் அது. அதற்காக வரி போடப் புறப்பட்டதன் ஞாபகம்தான் வால்டாக்ஸ் ரோடு.

மணியக்காரர் சத்திரம் அந்த மதிலுக்கு வடக்கே, வெளிப்புறத்தில் அமைந்தது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தன் ஏழைகளுக்குச் சோறு போட்டது, ஆனால் மதிலுக்கு வெளியே வைத்துப் போட்டது.

கஞ்சி ஊற்றிய வருடம்

1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. அந்த செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களில் பயிர் போயிற்று, மாடு போயிற்று. விதை நெல்லும் இல்லாமல் சனங்கள் குழந்தை குட்டிகளோடு நகரத்தை நோக்கி நடந்தார்கள். பஞ்சம் வந்தது.

அப்போதுதான் மதிலுக்கு வெளியே கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். கோட்டைக்குள் இருந்த புனித மேரி தேவாலயத்தார் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். பஞ்சம் ஓய்ந்த பிறகும் போக இடமில்லாதவர்கள் மிச்சம் இருந்தார்கள். வயதானவர், கண் தெரியாதவர், கை கால் விளங்காதவர், தீராத நோய் கண்டவர். கஞ்சித் தொட்டி அவர்களுக்குக் குடியிருப்பாக மாறியது இப்படித்தான். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் இங்கே ஏழைகளுக்கு வைத்தியசாலை தொடங்கினார். வெங்கடகிரி ராஜாவின் பெயரில் ஒரு சத்திரமும் பின்னால் சேர்ந்தது. 1910-ல் மருத்துவமனை மட்டும் பிரிந்து அரசின் கைக்குப் போய் ராயபுரம் ஆஸ்பத்திரி ஆனது. அதுவே 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

ஆக, கஞ்சித் தொட்டியின் பிள்ளைதான் ஸ்டான்லி. பிள்ளை பெரிய ஆளாகிவிட்டது, தாய் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள்.

இது சென்னைக்கு மட்டும் நடந்த கதை இல்லை. யாழ்ப்பாணத்தின் பெரிய ஆஸ்பத்திரி 1850-ல் ‘ஆபத்துக்கு உதவும் நண்பர்கள் சங்க’ மருத்துவமனையாகத் தொடங்கியது. சிங்கப்பூரில் நம்மவர்களும் போய்ப் படுக்கும் டான் டோக் செங் மருத்துவமனை 1844-ல் ஏழைச் சீனர்களுக்கான விடுதியாகப் பிறந்தது. முதலில் ஒரு வேளைக் கஞ்சி, அப்புறம் படுக்க ஒரு பாய், அதன் பிறகு மருந்து. பெரும்பாலான தர்ம ஸ்தாபனங்கள் இந்த வரிசையில்தான் வளர்ந்திருக்கின்றன.

சத்திரம் என்றால் எப்படி இருக்கும்?

நம் ஊர்ச் சத்திரத்துக்கு ஒரு அமைப்பு உண்டு. வாசலில் நீளத் திண்ணை. தலைச்சுமையோடு வருகிறவர் முதலில் உட்கார அது. திண்ணைக்குப் பின்னால் நடை, நடையைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம். பின்கட்டில் சமையல், கிணறு. வசதி இருந்தால் பக்கத்தில் குளம். தாழ்வாரத்தில் யார் வேண்டுமானாலும் துண்டை விரித்துப் படுக்கலாம். அறைகள் குறைவு, கதவுகள் அதைவிடக் குறைவு.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் இதில் பெயர் பெற்றவை. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி 1802-ல் நிறுவியது. அங்கே வழிப்போக்கருக்குச் சாப்பாடு மட்டுமில்லை, நோயாளிக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் இருந்தது. நம் சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் ரயில் பயணிகளுக்கானது. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி என்கிறோமே, அந்த நான்கு எழுத்தும் இவர் பெயர்தான்.

சத்திரத்தின் அழகே அதன் திறந்த தன்மை. யார் எவர் என்று கேட்காமல் உள்ளே விடும் கட்டடம் அது. ஆனால், அது வந்து போகிறவருக்காகக் கட்டியது. இரண்டு இரவு தங்குகிறவருக்குக் கதவு எதற்கு? வருடக்கணக்காகத் தங்குகிறவருக்கு அப்படி இல்லை. மூட்டை முடிச்சு இருக்கும், ஒரு சாமி படம் இருக்கும், அழத் தோன்றும் நாள் இருக்கும். வழிப்போக்கரின் கட்டடத்தில் வாழ்நாளைக் கழிப்பது சுலபமில்லை.

கடல் கடந்த கதவுகள்

இந்த இடத்தில் இங்கிலாந்துப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம். அங்கேயும் பழைய காலத்திலிருந்து முதியோருக்கான தர்ம வீடுகள் உண்டு. வின்செஸ்டர் நகரத்தில் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய புனித சிலுவை இல்லத்தில் இன்றைக்கும் வழிப்போக்கர் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு வாய் பீரும் கொடுக்கிறார்கள். நம் சத்திரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

லண்டனின் ஷோர்டிச் பகுதியில் 1714-ல் கட்டிய ஜெஃப்ரி தர்ம வீடுகள் 14. மூன்று பக்கம் வீடுகள், நடுவில் புல்வெளியும் மரங்களும், மையத்தில் ஒரு சிறு தேவாலயம். இப்போது அது வீடுகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம். அதில் ஒரு வீட்டை மட்டும் 1780-களில் எப்படி இருந்தது, 1880-களில் எப்படி இருந்தது என்று பழையபடி அமைத்துக் காட்டுகிறார்கள். ஒரு அடுப்பு, ஒரு கட்டில், ஒரு மேசை. நம் ஊரில் மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றிய அதே பத்தாண்டில், அங்கே ஒரு கிழவி தன் சொந்த அடுப்பில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். (இவற்றைக் கட்டிய பணம் எல்லாம் சுத்தமான பணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெஃப்ரியின் சொத்தில் அடிமை வியாபார லாபமும் கலந்திருந்தது. தர்மத்தின் முதல் போட்டவர் யார் என்று பார்க்கப் போனால் எந்த ஊரிலும் சங்கடம்தான்.)

விக்டோரியா ராணி காலத்தில் தொழிற்சாலைகள் பெருகின. ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் ஊருக்கு ஊர் இப்படித் தர்ம வீடுகள் கட்டினார்கள். சால்ட்டேர் என்ற ஆலை ஊரில் டைட்டஸ் சால்ட் 1868-ல் கட்டிய 45 வீடுகள் அதற்கு நல்ல உதாரணம். எந்த ஊரில் பார்த்தாலும் சில அடையாளங்கள் பொதுவாக இருக்கும். ஒட்டு வீடுகளாக ஒரு வரிசை, கூரான முகப்பு, வாசல் மேல் கட்டியவர் பெயரும் வருடமும் பொறித்த கல். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வீட்டுக்கு ஒரு கதவு, வீட்டுக்கு ஒரு புகைபோக்கி. தெருவில் நின்று புகைபோக்கிகளை எண்ணினால் எத்தனை வீடு என்று சொல்லிவிடலாம். உள்ளே இருப்பவர் ஏழைதான். ஆனால் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து தானே சாத்துகிற ஏழை.

அதே காலத்தில், அதே நாட்டில் இன்னொரு கட்டடமும் இருந்தது. 1834-ல் வந்த ஏழைகள் சட்டத்தின்படி எழுந்த ‘ஒர்க்ஹவுஸ்’. ஆண்களுக்கு ஒரு கட்டு, பெண்களுக்கு ஒரு கட்டு, பிள்ளைகளுக்கு ஒரு கட்டு. நடுவில் நின்றால் எல்லாப் பக்கமும் கண்காணிக்கலாம். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த கிழவனும் கிழவியும்கூட வாசலிலேயே பிரிய வேண்டும். 1847-ல்தான், இருவருமே அறுபதைத் தாண்டியிருந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரே அறையில் இருக்கலாம் என்று விதி தளர்ந்தது.

இரண்டிலும் சோறு கிடைத்தது, இரண்டிலும் கூரை இருந்தது. ஆனால் தர்ம வீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த சனங்கள், ஒர்க்ஹவுஸ் என்றாலே நடுங்கினார்கள். வித்தியாசம் கட்டடத்தின் வரைபடத்தில் இருந்தது.

தர்ம வீடுகளையும் ரொம்பப் புகழ வேண்டியதில்லை. அங்கேயும் வாயில் அடைக்கும் நேரம் உண்டு, மேலாளர் உண்டு, தேவாலயத்துக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உண்டு. ‘நல்ல ஏழை’ என்று பெயர் வாங்கினவருக்குத்தான் இடம். மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றியவர்கள், பசித்து வந்தவரை அப்படித் தரம் பிரித்திருக்க முடியாது.

பெரியம்மா கேட்ட கேள்வி

சில வருடங்களுக்கு முன்னால் என் பெரியம்மாவைக் கண் பரிசோதனைக்காக ஸ்டான்லிக்கு அழைத்து வந்தேன். பெரியப்பா கடலில் போனவர், திரும்பவில்லை. இரண்டு மகன்களும் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில். மூத்தவன் வீடு மூன்றாவது மாடி. படி ஏறி இறங்க முடியாமல் பெரியம்மா குப்பத்து வீட்டிலேயே தனியாக இருந்தார். ‘இல்லத்தில் சேர்த்துவிடலாமா?’ என்ற பேச்சு அப்போதுதான் குடும்பத்தில் மெல்ல ஆரம்பித்திருந்தது. யாரும் அவர் முன்னால் பேசவில்லை. ஆனால் வயதானவர்களுக்குத் தங்களைப் பற்றிய பேச்சு எப்படியோ கேட்டுவிடும்.

பரிசோதனை முடிந்து வெளியே வந்தோம். சத்திரத்துப் பக்கம் கொஞ்சம் நிழலில் நின்றோம்.

“இது இன்னாமா இடம்?”

“வயசானவங்க தங்குற இடம், பெரிம்மா. இருநூறு வருஷத்துக்கு மேல இருக்குது.”

“சோறு போடுவாங்களா?”

“போடுவாங்க.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. சொட்டு மருந்து விட்ட கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்:

“எல்லாருக்கும் ஒரே கூடமா, தனித்தனியா கதவு இருக்குதா?”

“ஏன் பெரிம்மா, நம்ம வீட்டுல நீ கதவைச் சாத்தினதே இல்லையே!”

“சாத்துனதில்லதான். ஆனா சாத்தணும்னா சாத்திக்கலாம் இல்ல? அது வேணும்மா.”

பள்ளிக்கூடம் போகாதவர் என் பெரியம்மா. இங்கிலாந்தின் தர்ம வீடுகளைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் சொல்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சுவரில் எங்கள் ஊர்ச் சிப்பி

சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு. அந்தக் காலத்துச் சென்னைச் சுவர்களின் பளபளப்புக்குக் காரணம் சுண்ணாம்பு. கல்லைச் சுட்ட சுண்ணாம்பு இல்லை, சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு. பழவேற்காடு, எண்ணூர்க் காயல்களில் அள்ளிய கிளிஞ்சல் படகில் ஏறிச் சென்னைக்குப் போகும். பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1800-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய்தான் பின்னால் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி ஆனது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் அதில் மிதந்து போயின.

சுண்ணாம்பை நீரில் ஊறவைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்கள். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேரும். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் பளிங்கு மாதிரி மின்னும், கை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

கூரைக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்ன அச்சுக்கல்லைச் செங்குத்தாக, கோணல் வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லி போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு. உயரமான கூரை, தடித்த சுவர், வெயில் முகத்தில் தாழ்வாரம் என்று மின்விசிறி இல்லாத காலத்தில் நோயாளியும் முதியவரும் சித்திரை வெயிலைத் தாங்கியது இந்தக் கட்டுமானத்தால்தான்.

இங்கிலாந்தில் தர்ம வீட்டின் அடையாளம் புகைபோக்கி என்றால், சென்னையில் அதன் இடத்தைத் தாழ்வாரம் பிடித்துக்கொண்டது. அங்கே குளிரை விரட்ட வேண்டும், இங்கே வெயிலை. உட்காரும் இடமும் மாறியது. அங்கே அடுப்பைச் சுற்றி, இங்கே வாசல் நிழலில்.

ஒரு பவுண்டு தானியம்

மணியக்காரர் சத்திரத்துக்கு மறுபடி பெரிய சோதனை வந்தது 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில். 1877 ஜனவரியில் விக்டோரியா ராணிக்கு இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று டெல்லியில் தர்பார் நடத்திப் பட்டம் சூட்டினார்கள். அதே ஜனவரியில், நிவாரண வேலை செய்கிறவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் மனிதனுக்கு இது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான்.

சென்னையில் அமைந்த நிவாரண முகாம்களில் மணியக்காரர் சத்திரமும் ஒன்று. நூறு வருடத்துக்குள் இரண்டாவது தடவையாக ஊர் மொத்தமும் அதன் வாசலில் வந்து நின்றது.

அதற்கு ஒன்பது வருடம் முன்னால்தான், 1867-ல், வடலூரில் வள்ளலார் தர்மசாலை தொடங்கினார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வள்ளலார் சென்னையில் வாழ்ந்த காலத்தில் ஏழுகிணற்றில் குடியிருந்தார், திருவொற்றியூர்க் கோயிலுக்கு அடிக்கடி நடந்து போவார். ஏழுகிணறு மதிலுக்கு உள்ளே, திருவொற்றியூர் மதிலுக்கு வெளியே வடக்கில். கஞ்சித் தொட்டிக்கு வந்து நின்ற சனங்களை அவர் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நான் நினைத்துக்கொள்வேன். பசியை ஒரு பிணி என்று சொன்ன மனிதர், அந்தப் பிணியை முதலில் பெரிய அளவில் கண்ட ஊர் எங்கள் வடசென்னையாகத்தான் இருக்கும்.

சட்டம் சொல்லும் 150

இன்றைக்கு வருவோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படியான இல்லம் அமைக்கலாம் என்று அது சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் 150 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பெரியம்மாதான் ஞாபகம் வருகிறார். 150 கட்டிலா, 150 கதவா? கட்டில் என்றால் நாலு கூடம் போதும். கதவு என்றால் ஒரு தெரு வேண்டும்.

எங்கள் குப்பத்தில் ஒரு காலத்தில் வயதானவர்களுக்குத் தனி இடம் தேவைப்படவில்லை. வீட்டு வாசலே அவர்கள் இடம். வலை பின்னிக்கொண்டு, கருவாட்டுக்குக் காவல் இருந்துகொண்டு, போகிற வருகிறவரை விசாரித்துக்கொண்டு தெருவையே ஆண்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பலர் அடுக்குமாடிக்குப் போனார்கள். ஆற்றில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து சேர்ந்தது. மீன் குறையக் குறைய இளசுகள் வேறு வேலை தேடி நகர்ந்தார்கள். மாடி வீட்டில் எல்லாம் இருக்கிறது, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மூன்றாவது மாடியில் இருக்கும் கிழவிக்குத் தெரு இல்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்குப் பெயர் தெரு இல்லை.

பெரியம்மா விஷயத்தில் இளைய மகன் ஒரு காரியம் செய்தான். குப்பத்து வீட்டைப் பழுது பார்த்தபோது முன்பக்கம் ஒரு சின்ன அறையைத் தடுத்து, தெருவைப் பார்த்த மாதிரி தனிக் கதவு வைத்தான். கதவுக்கு வெளியே இரண்டு ஆள் உட்காரும் அளவுக்கு சிமென்ட் திண்ணை. தானும் குடும்பத்தோடு பின்பக்கம் வந்துவிட்டான். எல்லோராலும் இது முடியாது என்பது எனக்குத் தெரியும். வாடகை வீட்டில் இருப்பவர் எங்கே சுவர் எடுப்பது? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எங்கே வந்து சேருவது? இல்லங்கள் வேண்டும், நிறையவே வேண்டும். இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று பேசுவது, வேறு வழி இல்லாதவர்களைக் காயப்படுத்துவதுதான்.

ஆனால் சேர்ப்பதற்கு முன், சோறு எப்படி, டாக்டர் வருவாரா என்று விசாரிப்பதோடு இன்னும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அம்மா தானாகச் சாத்தித் திறக்க ஒரு கதவு, அல்லது குறைந்தபட்சம் பூட்டுப் போட ஒரு அலமாரி இருக்கிறதா? படி ஏறாமல் போய் உட்கார ஒரு தாழ்வாரமோ திண்ணையோ இருக்கிறதா? அங்கே உட்கார்ந்தால் போகிற வருகிற மனிதர்கள் கண்ணில் படுகிறார்களா? மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை, கட்டும்போதே நினைத்தால் போதும்.

போகிறவர்களுக்கு

மணியக்காரர் சத்திரத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அது சுற்றுலாத் தலம் இல்லை, முதியோர் வாழும் வீடு என்பதை மறக்க வேண்டாம். அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். போனை எடுத்து யார் முகத்தையும் படம் பிடிக்காதீர்கள். பிறந்த நாளுக்கோ நினைவு நாளுக்கோ சாப்பாடு கொடுக்க விரும்பினால், என்ன தேவை, எப்போது தேவை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே நாளில் நாலு பேர் இனிப்பு கொடுத்துவிட்டுப் போனால் சர்க்கரை நோய்க்காரர்கள் பாடு திண்டாட்டம்.

அதே நடையில் மாடிப் பூங்காவின் மதிலையும் பார்த்துவிடுங்கள். எதிரிக்குப் பயந்து, பெரும் பணம் கொட்டி மைல் கணக்கில் எழுப்பிய அந்த மதிலில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு துண்டு. அதற்கு வெளியே, பசித்தவருக்காக ஊற்றத் தொடங்கிய கஞ்சி மட்டும் இருநூற்று நாற்பது வருடங்களைத் தாண்டி வந்துவிட்டது.